மிளகா நல்லவளான கதை

மிளகாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறந்தபோதே இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரிதான் வெளியே வந்தாள் என்பார் அப்பா. அந்தப் பேரை வைத்தவரும் அவர்தான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு அழகான பேர் ஒன்று இருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வயது பதினொன்று. ஓட்டத்தில் அவளைப் பிடிக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. வாய் காலைவிட வேகம்.

அவளைவிட நான்கு வயது சின்னவன் தம்பி பூசணி. குழந்தையில் உருண்டு திரண்டு இருந்ததால் வந்த பேர். ஐந்து வயதில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பு வற்றிக் குச்சியானது, பேர் மட்டும் பூசணியாகவே நின்றுவிட்டது. முதல் வைத்தியத்தில் போன நோய் ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்தது. ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையே கெட்டிருக்கிறது, அதை மருந்தால் அழித்துவிட்டு வேறொருவருடைய மஜ்ஜையை ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவுடையது பொருந்தவில்லை. அம்மாவுடையதும் பொருந்தவில்லை. ஊசியைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற மிளகாவுடையது பத்துக்குப் பத்து பொருந்தியது.

அவளும் சரி என்றாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்ததுதான் தொல்லை. மஜ்ஜை எடுக்கிறவரை அவளுக்குச் சளி பிடிக்கக் கூடாது, அடிபடக் கூடாது. அதனால் ஓடவும் கூடாது. பள்ளிக்கூடத் தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓட அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கடைசி ஆள் என்றால் சும்மாவா? முன்னால் ஓடுகிற மூன்று பேர் கோட்டை விட்டதையும் சேர்த்துப் பிடிக்கிற ஆள். அதற்கென்றே வெள்ளை ஓட்டக் காலணி வாங்கியிருந்தாள். அது பெட்டிக்குள் போனது. அவளுடைய இடத்துக்குப் பக்கத்து வகுப்புப் பெண் போனாள்.

இந்தச் சமயம் பார்த்துப் பூசணி வாயைக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள், சோபாவில் காலை ஆட்டிக்கொண்டு, "எனக்காக நீ ஓடக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே!" என்று நாக்கை நீட்டினான். ஏழு வயதுப் பையன். நோயாளியாகவே இருந்து அலுத்தவன், ஒரு நாளாவது ஜெயித்துப் பார்ப்போமே என்று நினைத்தான். அவ்வளவுதான் விஷயம்.

மிளகாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உனக்கு ஒரு சொட்டுகூடத் தர மாட்டேன்டா! தந்தாலும் அது உள்ள போய் உன்னைக் கடிச்சுக் குதறும், பாத்துக்கோ!" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். வீட்டில் அன்றைக்கு நடந்த நாலாவது சண்டை அது. அம்மா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள், "ரெண்டும் வாயை மூடுங்க" என்றாள். எல்லாரும் மறந்து போனார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. மிளகாவைத் தூங்க வைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். கண் விழித்தபோது இடுப்பில் இரண்டு சின்னக் கட்டு, விழுந்து அடிபட்ட மாதிரி ஒரு வலி. அவ்வளவே. கருஞ்சிவப்பாக ஒரு பையில் அது பூசணியின் அறைக்குப் போனது. அவன் நெஞ்சில் ஏற்கெனவே பொருத்தியிருந்த குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அறுவை, கத்தி, விளக்கு என்று என்னென்னவோ எதிர்பார்த்திருந்த பூசணி, "இவ்வளவுதானா? சே!" என்றானாம்.

மிளகாவுக்குத் திடீரென்று மவுசு கூடியது. வீட்டுக்கு வந்தவர், போனவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் எல்லாரும் அவள் தலையைத் தடவி, "தம்பிக்கு உயிர் குடுத்த தங்கம்" என்றார்கள். பெரியவர்களுக்கு இதொரு வியாதி. ஒரு சின்னப் பெண்ணின் தலையில் இன்னொருவரின் உயிரைத் தூக்கி வைத்துவிட்டு, கன்னத்தையும் கிள்ளிவிட்டுப் போவார்கள். சுமக்கிறது யார் என்று யோசிக்க மாட்டார்கள்.

அப்பா வேறு தன் பங்குக்கு ஒரு வேடிக்கையை ஆரம்பித்தார். பூசணிக்குப் புது மஜ்ஜை பிடித்து, ரத்த அணுக்கள் ஏற ஆரம்பித்ததிலிருந்து அவன் என்ன செய்தாலும், "மிளகா வேலையைக் காட்டுது" என்பார். அவன் வரிசையாக மூன்று தும்மல் போட்டால் மிளகா ரத்தம். மாத்திரையைத் துப்பினால் மிளகா ரத்தம். ஆஸ்பத்திரித் தலையணையைத் தூக்கி எறிந்த அன்றைக்கு, "சந்தேகமே இல்ல, இவன் முழு மிளகாயா மாறிட்டான்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல மாசத்துக்கு அப்புறம் சிரிக்கிற மனிதர், பாவம், அவரை என்ன சொல்ல? மிளகாவும் சேர்ந்து சிரித்தாள்.

நாலாவது வாரம் பூசணியின் உள்ளங்கை சிவந்தது. மறுநாள் காது மடல், அதற்கு மறுநாள் முதுகு. தோல் தடித்து, அரிப்புத் தாங்காமல் அழுதான். டாக்டர் அம்மா வராந்தாவுக்கு வந்து அம்மாவிடமும் அப்பாவிடமும் நிதானமாகச் சொன்னார். மிளகா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"இது நாங்க எதிர்பார்க்கிறதுதான். அக்காவோட அணுக்களுக்குத் தம்பி உடம்பு புது இடம். இது நம்ம இடம் இல்லையேன்னு அதுங்க அவன் தோலைத் தாக்குது. மருந்து குடுத்து அடக்கிடலாம்."

அம்மா, "மருந்து சாப்பிட்டா சரியாப் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள். அப்பா, "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். மிளகாவுக்கு அன்றைக்குத் தான் கத்தியது திரும்பக் காதில் விழுந்தது. உள்ள போய் உன்னைக் கடிச்சுக் குதறும், பாத்துக்கோ. அவள் சொன்னதுதான். அவள் சொன்னபடியே நடக்கிறது. கோபத்தோடு போன ரத்தம், கோபத்தோடு கடிக்கிறது. அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அப்பாவே தினமும் சொல்கிறாரே, மிளகா வேலையைக் காட்டுகிறது என்று.

வராந்தாவில் நின்றபடியே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுக்குள் கோபம் இருக்கிறவரை தம்பிக்குள் போன ரத்தத்திலும் கோபம் இருக்கும். அதனால் இனிமேல் கோபப்படக் கூடாது. யார்மேலும் கூடாது, எதற்கும் கூடாது. யாரிடமும் இதைச் சொல்லவும் கூடாது. சொன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், மகனைக் கடிப்பது யார் என்று.

இப்படித்தான் மிளகா நல்லவளானாள்.

பூசணியை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். கதவருகே கை கழுவும் மருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் நேரே குளியல், தம்பி பக்கத்தில் போனால் முகக்கவசம். எல்லாவற்றையும் மிளகா சொல்லாமலே செய்தாள். டீவியின் ரிமோட்டைத் தம்பி கையில் கொடுத்தாள். தோலை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தால் அவனுக்கு எந்நேரமும் பசி, எந்நேரமும் சிடுசிடுப்பு. முகம் உப்பி, மறுபடி பூசணியாகியிருந்தான். தன் தட்டு காலியானதும் அவள் தட்டில் கை வைப்பான். அவள் தட்டையே நகர்த்திக் கொடுப்பாள். தொடர் ஓட்டத்தில் அவள் இடத்தில் ஓடிய பெண் கோப்பையோடு வந்து நின்றபோது, "ரொம்ப சந்தோஷம்" என்று கைகுலுக்கினாள்.

கோபம் வராமல் இல்லை. அது பாட்டுக்கு வந்தது. வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுத் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பாள். கோபம் தம்பியிடம் போய்ச் சேர்வதற்குள் கடித்தே தீர்த்துவிட வேண்டும் என்பது கணக்கு. மறுநாள் அவன் முதுகில் சிவப்பு கூடியிருந்தால், நேற்றுச் சரியாகக் கடிக்கவில்லை என்று அர்த்தம். காலையில் வயிறு வலித்தது. சாப்பிடும்போது தாடை வலித்தது. ஓடுவதையும் விட்டுவிட்டாள். ஓடினால் ரத்தம் சூடாகும் என்று பயம்.

ஒரு நாள் அப்பாவிடம், "இனிமே என்னை மிளகான்னு கூப்பிடாதீங்கப்பா" என்றாள்.

அப்பாவுக்கு ஒரு நிமிஷம் முகம் வாடியது. பிறகு, "பெரிய மனுஷி ஆயிட்ட போல" என்று தோளில் தட்டினார். அம்மா அதை எல்லாரிடமும் போனில் சொன்னாள். "அவ அடியோட மாறிட்டா. ஒரு முணுமுணுப்புக் கிடையாது. இந்த நேரத்துல கடவுள் எனக்கு ஒரு கஷ்டத்தையாவது குறைச்சாரே." மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்ட பிறகு எப்படி வாயைத் திறப்பது, சொல்லுங்கள்.

ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு விடுமுறை நாளில், அம்மா பூசணியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால், இவளைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப் போனார். பழைய ஆறு மாடிக் கட்டடம். உச்சி மாடியில் மோட்டார் இருக்கிற சின்ன அறை, கிரீஸ் வாசம். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பாதித் தலையை விட்டுக்கொண்டு, அப்பா ஒவ்வொரு வயராகச் சோதித்துக்கொண்டிருந்தார். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஒருத்தர் மனசுல கெட்டதா நினைச்சா, இன்னொருத்தர் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?"

"நினைச்சா எப்படி ஆகும்? கீழ நின்னு நினைச்சா லிஃப்ட் வந்துடுமா? பட்டனை அமுக்கணும். இங்கேருந்து வயர் போயிருக்கணும். கொஞ்சம் இந்தப் பக்கம் வெளிச்சம் காட்டு."

அவள் வெளிச்சம் காட்டினாள். வயர் போயிருக்கிறதே, என்று நினைத்தாள். அவள் இடுப்பிலிருந்து ஒரு பை நிறைய எடுத்து அவன் நெஞ்சில் விட்டிருக்கிறார்களே. டார்ச் லேசாக ஆடியது. அப்பா, "கை வலிக்குதா கண்ணு? வை கீழ" என்றார். நல்ல மனிதர். தலை மட்டும் பெட்டிக்குள் இருந்தது.

வீட்டில் இதையெல்லாம் கவனித்த ஆள் ஒருவன்தான். அவன் நாள் முழுக்கப் படுக்கையில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவன்.

பூசணிக்கு முதலில் ரிமோட் கிடைத்தது குஷியாக இருந்தது. இரண்டு நாளில் சப்பென்று ஆகிவிட்டது. பிடுங்க ஆள் இல்லாத ரிமோட்டில் என்ன இருக்கிறது? தாயக்கட்டையை உருட்டி, ஆறு விழாமலே ஆறு என்று காய் நகர்த்திப் பார்த்தான். அக்கா பார்த்தாள், சும்மா இருந்தாள். இன்னொரு தடவை கண் முன்னாலேயே இவள் காயைத் தூக்கித் தலையணைக்கடியில் வைத்தான். "பரவாயில்ல, நீதான் ஜெயிச்சே" என்றாள். அவளுடைய வாட்டர் கலர் பென்சிலை ஒடித்தான். "பரவாயில்ல." அவள் வீட்டுப்பாடத்தில் மீசை வரைந்தான். "பரவாயில்லடா."

அந்தப் பரவாயில்லை அவனை உலுக்கியது. அவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டது. உடம்பு மோசமானால் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள். நோய் திரும்பி வந்த அன்றைக்குத்தான் அம்மா கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். எப்போதும் அதட்டுகிற நர்ஸ் அன்றைக்குத்தான் கதை சொன்னாள். வீட்டில் எப்போதும் போல இருந்தவள் அக்கா ஒருத்திதான். ஊசி போட்டு வந்த நாளில்கூட, "என் இடத்துல உக்காராதடா, எழுந்திரு" என்று காலைப் பிடித்து இழுத்தவள். அவள் இழுக்கிறவரை தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். இப்போது அவளும் நல்லவளாகிவிட்டாள்.

கடைசியாக ஒன்று செய்து பார்த்தான். அலமாரிக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்து, அந்த வெள்ளைக் காலணி இரண்டிலும், தடித்த கறுப்புப் பேனாவால், கொட்டை எழுத்தில் பூசணி, பூசணி என்று எழுதினான். எழுதிவிட்டு, அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வழியில் இரண்டையும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தான். போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு காத்திருந்தான். இதற்கு அவள் அடிக்காவிட்டால் முடிந்தது கதை என்று தெரியும்.

மிளகா வந்தாள். பார்த்தாள். காது இரண்டும் சிவந்தன. கை முஷ்டியானது. பூசணி போர்வைக்குள்ளிருந்து மனசுக்குள் கூப்பிட்டான். வா, அடி, வா. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு சிரிப்பை வரவழைத்து, "நல்லா எழுதியிருக்கே. கையெழுத்துத் திருந்திடுச்சு" என்றாள். அப்புறம் குளியலறைக்குள் போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று சாயங்காலம் பூசணி சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை. மருந்துப் பசியில் தட்டையும் சேர்த்துக் கடிக்கிற பையன், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான். அம்மா தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. கேட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வேனை எடுத்தார். மிளகாவுக்கும் அந்த வாரம்தான் மஜ்ஜை கொடுத்தவர்களுக்கான பரிசோதனை. அதனால் அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். மிளகா துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே வந்தாள். நேற்று காலணியைப் பார்த்ததும் வந்த கோபம் இருக்கிறதே, அது கொஞ்சநஞ்சமில்லை. குளியலறைக்குப் போவதற்குள் அது தம்பிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதுதான் இப்போது வயிற்றுக்குள்ளே கடிக்கிறது.

ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தார்கள். டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"அணு எண்ணிக்கை நல்லா இருக்கு. தோலும் முன்னைக்கு இப்போ எவ்வளவோ தேவலை. வயிறும் சரியாத்தான் இருக்கு. அப்புறம் ஏன்டா சாப்பிடல?"

பூசணி அவர் மேசை மேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "டாக்டர், நான் சாகப் போறேனா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மட்டும் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யார் சொன்னா அப்படி?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கே தெரியும். அவ என்கூட சண்டையே போடறதில்ல." அக்காவைக் கைகாட்டினான். "ஷூவுல எழுதினேன். அப்பவும் அடிக்கல. நல்லா இருக்குன்னு சொல்றா. அவளே நல்லவளாயிட்டான்னா, அப்போ எனக்கு ரொம்ப மோசம்னுதானே?"

"அடப்பாவி!" என்றாள் மிளகா.

அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் உடைந்துவிட்டது. இரண்டு மாசமாகத் துண்டில் கடித்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "உனக்காகத்தான்டா அடிக்கல! நான் கோபப்பட்டா அது உன்னைக் கடிக்கும்டா! நான்தானே சொன்னேன், உள்ள போய்க் கடிச்சுக் குதறும்னு! நான் சொன்னதாலதான்டா உன் கையெல்லாம் சிவந்துச்சு! நான் எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கி வச்சிருக்கேன் தெரியுமா? வயிறெல்லாம் வலிக்குது! நீ வேணும்னே என்னைக் கோபப்படுத்தினியா?" அழுகையில் மூக்கு ஒழுகியது, முகக்கவசம் நனைந்து ஒட்டிக்கொண்டது. "அம்மா, நான்தாம்மா அவனைக் கடிக்கறேன். நான்தாம்மா."

அம்மா எழுந்து வந்து அவளைப் பிடித்தாள். நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னவள் அவள்தானே. "என் கண்ணு, எனக்கு நீ கத்தினாலே போதும்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் அறையில் அவள் கேட்டது அவருக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

டாக்டர் அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார். புதிய முகக்கவசம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்றேன். உன் கோபம் உன் தலைக்குள்ளதான் இருக்கு, மஜ்ஜையில இல்ல. எத்தனையோ பேருக்கு மஜ்ஜை ஏத்தியிருக்கேன். சிரிச்ச முகமா குடுத்தவங்க அணுவும் இப்படித்தான் தாக்குது. நீ வாயே திறக்காம இருந்திருந்தாலும் அவன் கை சிவந்திருக்கும். புரியுதா?"

மிளகா தலையாட்டவில்லை. புரிந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டாவது. இதை நான் அன்னைக்கே உனக்குச் சொல்லியிருக்கணும், தப்பு என்னுது. உன் அணு கொஞ்சம் கடிக்கறது எனக்குப் பிடிக்கும். ஏன் தெரியுமா? கெட்ட அணு ஒண்ணு ரெண்டு எங்கயாவது ஒளிஞ்சிருந்தா, அதையும் தேடிப் பிடிச்சுக் கடிக்கும். மருந்தால முடியாததை அது செய்யும். ரொம்பக் கடிச்சா அடக்கறதுக்கு நான் இருக்கேன். அது என் வேலை. உன் வேலை இல்ல."

பூசணி இதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ நான் சாகலையா?"

"இந்தக் காகிதத்துல அப்படி ஒண்ணும் எழுதல. நல்லாத்தான் போயிட்டிருக்கு. எது மாறினாலும் முதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன். சத்தியம்."

அதே மாடியில், நோயாளிப் பிள்ளைகளின் அண்ணன், அக்கா, தங்கைகளோடு பேசுவதற்கென்றே ஒரு பெண்மணி இருந்தார். இரண்டு வருஷமாக அந்தக் கதவைத் தாண்டித்தான் இவர்கள் போய் வந்திருக்கிறார்கள், உள்ளே யார் என்று கேட்டதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மிளகா அங்கே போக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். துண்டைக் கடிக்கிற பழக்கம் ஒரே நாளில் போகாது, வயிற்று வலியும் போகாது, அவசரப்பட வேண்டாம் என்றார். அம்மா அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்து, பூசணியின் மருந்துச் சீட்டுகளோடு வைக்கப் போனவள், நிறுத்தி, தனியாகக் கைப்பையில் வைத்தாள்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வேன் நிறுத்தியிருந்த இடம் தூரம். அப்பா பூசணியைத் தூக்கிக்கொண்டார். மிளகா சும்மா நடந்துகொண்டிருந்தவள், என்ன தோன்றியதோ, திடீரென்று ஓட்டம் பிடித்தாள். இரண்டு மாசமாக ஓடாத கால், முதல் பத்தடி தடுமாறியது. பிறகு பிடித்துக்கொண்டது. அவர்கள் வந்து சேருவதற்குள், பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அது என் இடம்" என்றான் பூசணி.

"விட்டுக்குடு கண்ணு, தம்பி பாவம்..." என்று ஆரம்பித்த அம்மா, பாதியில் நிறுத்தி, முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "நீங்களே பாத்துக்கோங்க."

மிளகா ஒரு கணம் யோசித்தாள். தம்பியின் கையைப் பார்த்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான், நேற்று போர்வைக்குள்ளிருந்து காத்திருந்த அதே மாதிரி.

"மாட்டேன்டா" என்றாள்.

"எழுந்திரு. நான் நோயாளி."

"நோயாளியாம், நோயாளி! நல்லா இருக்கேன்னு டாக்டரே சொல்லியாச்சு. உள்ள ஏறுடா முதல்ல. என் புது ஷூவுல எவன்டா கிறுக்கினது? அதுவும் ரெண்டு கால்லயும்! உன் பேரைக் கால்ல போட்டுக்கிட்டு நான் எப்படிடா ஓடுவேன்?"

"ஓடேன். அன்னைக்கு எனக்காகத்தானே ஓடாம இருந்தே. இப்போ நானும் சேர்ந்து ஓடறேன்."

"வாயைப் பாரு வாயை! இந்த வாய் எங்கேருந்து வந்துச்சு உனக்கு?"

"உன்கிட்டேருந்துதான்."

"அப்போ குடு. என் ரத்தத்தை என்கிட்டயே திருப்பிக் குடு."

பூசணி உப்பிய கன்னத்தை நெஞ்சுப் பக்கம் சாய்த்து, உள்ளே யாரிடமோ கேட்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, கையை விரித்தான்.

"வர மாட்டேங்குது. இங்கேயே இருக்குதாம்."

மிளகா அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவன், "ஆ! அப்பா, மிளகா கிள்றா!" என்று அலறினான். குரலில் அவ்வளவு சந்தோஷம். முன் சீட்டில் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். அப்பா வண்டியை ஓட்டினார். வீட்டுத் தெரு வந்தது, வண்டி திரும்பவில்லை.

"அப்பா, நம்ம தெரு தாண்டிப் போயிடுச்சு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"தெரியும்" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சண்டையை நிறுத்தாதீங்க. இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்."